அக்-கெச்சூவில் அறிவியல் பயன்பட்ட விதம்

அக்-கெச்சூ என்ற மலைக்கிராமத்தின் சுகாதார நிலையத்துக்கு வட்ட முத்திரை வந்ததே ஒரு தவறால்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாவட்டத் தலைமையிடத்தில் எதையோ மாற்றி அமைத்தார்கள். எதை என்று மாற்றி அமைத்தவர்களுக்கே தெரியாது. தடுப்பூசி வைக்கக் குளிர்பெட்டி கேட்கப் போன உம்சுனாய், வேறு வரிசையில் நின்றுவிட்டாள். மூன்று மணி நேரம் கழித்து ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, அரசுச் சின்னம் பொறித்த முத்திரை ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. குளிர்பெட்டி இன்றுவரை வரவில்லை. ஆனால் இரண்டு அறையும் ஓர் அடுப்பும் உள்ள அந்தக் கட்டடம் அன்று முதல் சட்டப்படி ஒரு தனி நிறுவனம். அதன் இயக்குநர், மருத்துவ உதவியாளர், பிரசவம் பார்ப்பவள் எல்லாம் உம்சுனாய்தான். இன்னொரு ஊழியர் தொக்தோசுன். அடுப்பெரிப்பவர், காவல்காரர், முன்னாள் டிராக்டர் ஓட்டுநர். அவருடைய வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். டிசம்பர் பாதியில் கணவாய் மூடினால் மார்ச்சில்தான் திறக்கும். இடையில் காய்ச்சல் வந்தாலும் வலி எடுத்தாலும் அந்த இரண்டு அறைதான் கதி. அறையின் வெப்பம் பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் நிலையத்தைப் பூட்டிவிட வேண்டும் என்று விதி. அப்படிப் போகாமலிருக்க ஆண்டுக்கு நான்கு டன் நிலக்கரி வரும். அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை உம்சுனாய்க்கு அறிவியலோடு எந்தப் பகையும் இல்லை.

தலைநகரில் ஒருவர் அறிவியல் பட்டம் வாங்க வேண்டுமானால் ஆய்வேடு எழுத வேண்டும். அது மட்டும் போதாது. அந்த ஆய்வு எங்கேயோ பயன்பாட்டில் இருக்கிறது என்று ஏதாவது ஒரு நிறுவனம் வட்ட முத்திரை குத்தி நடைமுறைச் சான்று தரவேண்டும். சோவியத் காலத்து ஏற்பாடு. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தவைகூட இத்தனை நாள் நிலைக்கவில்லை. ஆராய்வது ஒன்று, ஆராய்ந்ததைப் பயன்படுத்துவது இன்னொன்று, பயன்படுத்தியதாகத் தாள் வாங்குவது மூன்றாவது. பட்டச் சபை கேட்பது மூன்றாவதை. இரண்டாவது இல்லாமலே மூன்றாவது கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, முதலாவதுக்காகவும் யாரும் பெரிதாக உடம்பை வருத்திக்கொள்ளவில்லை.

முதலில் வந்தவன் எர்கின்பெக். இயற்பியல் விரிவுரையாளன், உம்சுனாயின் நாத்தனாருக்குச் சித்தி மகன். ஒரு கேக் பெட்டியோடும் சிவப்பு ரெக்ஸின் அட்டை போட்ட ஆய்வேட்டோடும் வேனிலிருந்து இறங்கினான்.

"அக்கா, ஒரே ஒரு முத்திரை. மலைப் பகுதிக் கட்டடங்கள்ல அடுப்போட வெப்ப ஓட்டத்தைச் சீராக்கறது பத்தி எழுதியிருக்கேன். உங்க நிலையத்துல நடைமுறைக்கு வந்துச்சு, நிலக்கரி நூத்துக்கு அறுபத்திரண்டு மிச்சமாச்சுன்னு போட்டாப் போதும்."

"எங்க அடுப்பை நீ பாத்ததே இல்லையேப்பா."

"பாக்கணும்னு அவசியம் இல்லக்கா. பொதுவா ஒரு அடுப்பை எடுத்துக்கிட்டேன். சுத்தி காத்தே இல்லைன்னு வச்சுக்கிட்டேன். அப்பத்தான் கணக்கு கைக்கு அடங்கும்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தொக்தோசுன் திரும்பிப் பார்த்தார். "காத்து இல்லாம அடுப்பு எப்படித் தம்பி எரியும்?"

"எரியாது அண்ணே."

"ஓ. அதான் கரி மிச்சமாகுதா."

எர்கின்பெக் சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் அந்தக் கணக்கோடு குடித்தனம் செய்தவன். மூன்று முறை பட்டம் தள்ளிப்போய், கல்யாணமும் அதோடு தள்ளிப்போய், முன்மண்டையில் முடியும் போய்விட்டது. அதைப் பார்த்ததும் உம்சுனாய்க்கு மனம் இளகிவிட்டது. வீட்டுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை.

"இதனால எனக்கு ஒண்ணும் வந்துடாதே?"

"என்னக்கா வரப்போகுது? அறிவியல்தானே."

அவள் குத்தினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிடம்தான்.

அக்-கெச்சூவில் கேள்வி கேட்காமல் முத்திரை கிடைக்கிறது, தேநீரும் தருகிறார்கள் என்ற செய்தி தலைநகரின் எல்லாத் துறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்று இவ்வளவு வேகமாகப் பரவியது அந்நாட்டில் அதுதான் முதல் தடவை. அடுத்த கோடைக்குள் வேனில் ஊர்க்காரர்களுக்கு இடம் கிடைக்காமல் போயிற்று.

மருத்துவத்தில் ஒருவர் வந்தார். மூட்டுவலிக் களிம்பு ஒன்றை அக்-கெச்சூவில் நானூறு பேருக்குத் தடவிப் பார்த்துக் குணமாக்கியிருந்தார், தலைநகரை விட்டு நகராமல்.

"ஊர்லயே முந்நூத்திப் பன்னண்டு பேருதான் டாக்டர்" என்றாள் உம்சுனாய்.

"தெரியும்மா. மிச்ச எண்பத்தெட்டு பேரையும் பாதியில விட்டுப் போனவங்கன்னு காட்டியிருக்கேன். நேர்மையா ஒரு அட்டவணையே போட்டிருக்கேன் பாருங்க."

"பாதியிலன்னா, பொறக்கறதுக்கு முன்னாலயேவா?" என்று கேட்டார் தொக்தோசுன்.

சமூகவியலில் ஒருவர் வந்தார். மலைவாழ் மக்கள் அரசு நிறுவனங்கள்மேல் வைத்திருக்கும் திருப்தியை அளந்திருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. ஆயிரத்து இருநூறு கேள்வித்தாள்கள். அத்தனையிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, பாதிக்கு மேல் எழுத்து நடுங்கியிருந்தது. கணவாய்ச் சாலையில் வேன் அதிகம் குலுங்கும்.

இயந்திரக் கற்றலில் அய்தானா என்ற இளம்பெண் வந்தாள். கைபேசியின் முன் ஒருவர் இருமினால், நோய் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். தொண்ணூற்றேழு சதவீதம் சரியாகச் சொல்லும்.

"எங்க, நான் இருமறேன்" என்று தொக்தோசுன் நாற்பது வருடப் புகையிலையையும் வெளியே கொண்டுவருவதுபோல் இருமினார். 'நோய் இல்லை' என்றது கைபேசி. காதுவலிக்கு மருந்து வாங்க வந்திருந்த கிழவி இருமினாள். அதற்கும் 'நோய் இல்லை'. வாசலில் நின்ற ஆட்டை இழுத்து வந்து கத்தவிட்டார். ஆட்டுக்கும் நோய் இல்லை.

"எல்லாருக்கும் இதையேதான் சொல்லுமா கண்ணு?"

அய்தானா சற்றுத் தயங்கினாள். நல்ல பெண். "ஆமா அண்ணே. அது அப்படித்தான் கத்துக்கிச்சு. நூறு பேரைப் பாத்தா தொண்ணூத்தேழு பேருக்கு நிஜமாவே நோய் இருக்காதுல்ல. அதனால தொண்ணூத்தேழு சரியாயிடுது."

"எங்க மாமனாரும் இப்படித்தான். முப்பது வருஷம் யாரு வந்து படுத்தாலும் 'உனக்கு ஒண்ணும் இல்ல, எந்திரிச்சுப் போ'ம்பாரு. பாவம், பட்டம் இல்லாமலே செத்துட்டாரு."

உம்சுனாய் எல்லோருக்கும் குத்தினாள். ஒவ்வொருவரும் விதிப்படி ஓர் ஆய்வேட்டை நிலையத்தில் விட்டுச் சென்றார்கள். அவளும் விதிப்படி அவற்றைச் சாமான் பதிவேட்டில் ஏற்றி, அடுப்புக்கு எதிரே கட்டுத்துணி வைக்கும் அலமாரியில் அடுக்கினாள். கட்டுத்துணி எப்படியும் வரவில்லை, இடம் சும்மாதான் இருந்தது. அக்டோபரில் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்து மூன்று ஆய்வேடுகள். நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகத்தில்கூட இத்தனை கண்டுபிடிப்புகள் ஒரே அறையில் ஒரே சமயத்தில் பயன்பாட்டில் இல்லை.

அந்த மாதக் கடைசியில் நிலக்கரி வந்தது. லாரி பாதிகூட நிறையவில்லை. கூடவே ஒரு கடிதம்.

'தங்கள் நிறுவனத்தின் முத்திரையிட்ட சான்றின்படி நிலக்கரித் தேவை 62 சதவீதம் குறைந்துள்ளதால், இந்த ஆண்டு முதல் ஒதுக்கீடு 1 டன் 520 கிலோ. மேலும், நோயறியும் கைபேசி நடைமுறையில் உள்ளதால் காய்ச்சல் மானிகளைத் திருப்பி அனுப்பவும்.'

உம்சுனாய் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு லாரியிலிருந்து கொட்டிய குவியலைப் பார்த்தாள். சொந்தக் கையாலேயே சூனியம் வைத்துக்கொண்டது புரிந்தது.

"ஜனவரி அஞ்சு வரைக்கும் தாங்கும்" என்றார் தொக்தோசுன். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை. "சிக்கனமாப் போட்டா பத்து."

மூன்றாம் வீட்டு மீரிமுக்கு ஜனவரிக் கடைசியில் நாள் குறித்திருந்தது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்குமோ என்று உம்சுனாய்க்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. கணவாய் மூடியிருக்கும். நிலையமும் பூட்டியிருந்தால் அந்தப் பெண்ணை எங்கே படுக்கவைப்பது? இரண்டு நாள் தூங்காமல் புரண்டவள், மூன்றாம் நாள் முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தலைநகருக்குக் கிளம்பினாள்.

பட்டச் சபையின் கட்டடத்துக்கு எட்டுத் தூண்கள். அவற்றில் நான்கு கூரையைத் தாங்குகின்றன, மற்றவை உடனிருக்கின்றன. புகார்ப் பிரிவில் இருந்த பெண் நகத்துக்குச் சாயம் பூசியபடி ஊர்ப் பெயரைக் கேட்டாள்.

"அக்-கெச்சூவா? அங்க யாருக்கும் குறையே கிடையாதே. திருப்தி தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு."

"எனக்குக் குறை இருக்கும்மா."

"அப்ப நீங்க மிச்ச ஒண்ணு புள்ளி நாலுல வர்றீங்க. அது கணக்குப் பிழைக்குள்ள அடங்கிடும். பிழைங்க கிட்ட நாங்க மனு வாங்கறதில்ல."

சபையின் செயலாளர் கண்ணில் அவள் கைப்பையிலிருந்து எடுத்து வைத்த முத்திரை பட்டிருக்காவிட்டால் பிழை அப்படியே ஊர் திரும்பியிருக்கும். அக்-கெச்சூ நிறுவனத்தின் இயக்குநர் நேரில் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்று, கையைப் பிடித்து, பெரிய மண்டபத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஓர் ஆய்வாளருக்கு வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நடைமுறைப்படுத்திய நிறுவனங்களுக்கென்று முன்வரிசையில் தனி நாற்காலி. உம்சுனாய் அதில் உட்காரவைக்கப்பட்டாள்.

உறுப்பினர்கள் பதின்மூன்று பேர். நான்கு பேர் தூங்கினார்கள், இரண்டு பேர் வேறு ஒருவருடைய ஆய்வேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். ஆய்வாளரும் அதற்கு நன்றாகவே பதில் சொன்னார். பத்து மணிக்கே அடுத்த அறையிலிருந்து வெந்த ஆட்டிறைச்சி வாசனை வரத் தொடங்கிவிட்டது. விருந்து ஆய்வாளருடையது. அவருடைய மாமா இரண்டு நாளாக வெங்காயம் உரித்திருந்தார். ஆகவே வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தாலும் முடிவில் யாருக்கும் கவலையில்லை. ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு இல்லை. இருந்தவர்கள் பதின்மூன்று பேராயிற்றே என்று உம்சுனாய் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டாள்.

"காலமான ரெண்டு உறுப்பினர்களும் வழக்கமா ஆதரவாத்தான் போடுவாங்க" என்றார் அவர்.

விருந்தில், அந்நாட்டு வழக்கப்படி, மரியாதைக்குரிய ஆட்டுத் தலை சபைத் தலைவர் அல்மாஸ்பெக் துருசுனோவிச்சுக்குப் போயிற்று. மூத்த பெண்ணுக்குரிய இடுப்பெலும்பு உம்சுனாய்க்கு வந்தது. தலைவர் நான்கு நாடுகளின் ஏழு அறிவியல் கழகங்களில் உறுப்பினர். அவற்றில் மூன்றைத் தொடங்கியவரே அவர்தான். ஆட்டின் காதை அறுத்து இளையவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, இதுதான் சமயம் என்று உம்சுனாய் எழுந்தாள்.

"ஐயா, எங்க அடுப்பு பழைய அடுப்புத்தான். யாரும் அதுல ஒரு செங்கல்லைக்கூட மாத்தல. கரி பாதியில தீந்துடும். ஒரு பொண்ணு மாசமா இருக்கா. அந்தச் சான்றை ரத்து பண்ணிடுங்க."

தலைவர் கோபப்படவில்லை. குழந்தைகளிடம் பேசும் குரலில் பேசினார்.

"அம்மா, நீங்க சொல்றது உங்க அனுபவம். அனுபவம்னா ஒருத்தருக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆய்வு அப்படி இல்ல. ஆய்வு சொல்லுது, உங்க அறை சூடா இருக்குன்னு. இப்ப நான் யாரை நம்பணும்? உங்க ஊர்க் குளிரையா, மூணு பேராசிரியர் கையெழுத்துப் போட்ட வெப்பத்தையா?"

"நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க ஐயா."

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. அறிவியலுக்கு எதிரி அறியாமை இல்லம்மா, சரிபாக்கறது. எல்லாரும் போய்ச் சரிபாக்க ஆரம்பிச்சா ஆராய்ச்சி பண்ண யாருக்கு நேரம் இருக்கும்? நான் முப்பத்தாறு வருஷத்துல நூத்திப் பதினோரு பேருக்கு வழிகாட்டியிருக்கேன். ஒருத்தரோட ஆய்வேட்டையும் படிச்சு அவங்க சுதந்திரத்துல தலையிட்டதில்ல. அவங்களும் என் புத்தகங்களுக்கு அதே மரியாதையைத்தான் தர்றாங்க."

மேசை கைதட்டியது. ஆய்வாளரின் மாமாவும் தட்டினார்.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"வழி இருக்கு. ஆய்வை ஆய்வாலதான் மறுக்கணும். உங்க அறை குளிரா இருக்குன்னு யாராவது ஒரு ஆய்வேடு எழுதட்டும். நாலு வருஷம். அப்புறம் அந்தக் குளிர் நடைமுறையில இருக்குன்னு ஒரு நிறுவனம் முத்திரை குத்தினா, நாங்க பரிசீலிப்போம்."

"ஜனவரியில கரி தீந்துடும் ஐயா."

"அறிவியல் அவசரப்படாதும்மா." அவர் ஒரு துண்டு கொழுப்பை எடுத்துக்கொண்டார். "இன்னொண்ணு. அந்தச் சான்று பொய்னு நீங்க எழுதிக் குடுக்கலாம். ஆனா அரசு முத்திரையில பொய் எழுதினதுக்கு எத்தனை வருஷம்னு வக்கீலைத்தான் கேக்கணும். எலும்பைச் சாப்பிடுங்க, ஆறுது."

உம்சுனாய் சாப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பும் வேனில், எட்டு மணி நேரமும், தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள். அறிவியலையும் திட்டினாள். எர்கின்பெக்கின் வழுக்கையைத் தனியாகத் திட்டினாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது அறை கதகதப்பாக இருந்தது. தொக்தோசுன் அடுப்பின் முன் முழங்காலிட்டிருந்தார்.

"கரியைப் பாத்துப் போடக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தாள்.

"கரி இல்ல. சமூகவியல்காரர் அந்த ஆயிரத்து இருநூறு கேள்வித்தாளை இங்கயே போட்டுட்டுப் போயிட்டாரு. பதிவேட்டுல ஏறல." அவர் கைத்தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார். "திருப்தியாத்தான் எரியுது."

உம்சுனாய் அலமாரியைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று ஆய்வேடுகள். அவை பதிவேட்டில் ஏறிய அரசுச் சாமான்கள், அவற்றைத் தொட முடியாது. ஆனால் பதிவேட்டில் ஏற ஒரு பிரதி போதும். ஒன்றுக்கு மேல் வந்தால் அது சாமான் இல்லை, வெறும் தாள். அவள் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் இயக்குநரைப் போல் ஒரு சுற்றறிக்கை எழுதினாள்.

'அக்-கெச்சூ நிறுவனத்தில் இனி நடைமுறைச் சான்று பெற விரும்புவோர் ஆய்வேட்டின் பன்னிரண்டு பிரதிகள் தரவேண்டும். ஒவ்வொன்றும் அறுநூறு பக்கத்துக்குக் குறையக் கூடாது. அட்டை, பிளாஸ்டிக் உறை, வழவழப்பான தாள் கூடாது. கணவாய் மூடுமுன் சேர்க்கப்பட வேண்டும்.'

இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று தொக்தோசுன் பயந்தார். அவருக்கு அறிஞர்களைப் பற்றித் தெரியவில்லை. கேட்டவுடன் கொடுக்கும் முத்திரைக்கு மதிப்புக் குறைவு. பன்னிரண்டு பிரதி கேட்கிற இடம் என்றால் கண்டிப்பான இடம், அங்கே வாங்கிய சான்று எடையுள்ள சான்று. நவம்பரில் வேன்கள் வரிசைகட்டின. நூற்றைம்பது பக்கம் எழுதியவர்கள் அறுநூறாக்க அதையே நான்கு முறை எழுதி, நான்கு அத்தியாயம் என்றார்கள். பழைய சான்றுக்குப் பதிலாக எடையுள்ள ஒன்றை வாங்க, அய்தானா தன் கணினி நிரல் முழுவதையும் பின்னிணைப்பாக அச்சிட்டு, ஒரு குட்டி லாரியில் வந்து இறங்கினாள்.

"படிப்பீங்களா அக்கா இதையெல்லாம்?" என்று கேட்டாள்.

"ஒரு பக்கம் விடாம" என்றாள் உம்சுனாய்.

டிசம்பர் பாதியில் கணவாய் மூடியபோது, கரிக்கொட்டகையில் கரி இருந்த இடம்போக மிச்ச இடம் கூரைவரை ஆய்வேடுகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறி வேகவைக்க உதவும் என்பது அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. தொக்தோசுன் ஒரே மாதத்தில் எல்லாத் துறைகளிலும் தேர்ச்சி பெற்றுவிட்டார். இயற்பியல் சட்டென்று பிடித்துச் சட்டென்று முடியும், சமன்பாடுகளுக்கு நடுவில் வெற்றிடம் அதிகம். மருத்துவத்தில் படங்கள், நாற்றம் அடிக்கும். சமூகவியல் மெதுவாக, ஒரே சீராக, முடிவே இல்லாமல் எரியும், ராத்திரிக்கு அதுதான். இயந்திரக் கற்றல் எல்லாவற்றையும்விடச் சூடு தரும், ஆனால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊர்க்காரர்கள் ஊசி போட வருவதுபோல் வந்து அடுப்போரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி இருபத்தாறு காலையில் மீரிமுக்கு வலி எடுத்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு டிகிரி உறைகுளிர். முதல் நாள் பனிப்புயல் கொட்டகைக் கதவை மேற்சட்டம்வரை மூடியிருந்தது. தொக்தோசுன் மண்வெட்டியோடு வெளியே போனார், உள்ளே அடுப்பில் தணல் மட்டும். சுவரில் வெப்பமானி பத்தொன்பது காட்டியது, பிறகு பதினெட்டு. மீரிம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் உதடு நீலமாவதை உம்சுனாய் பார்த்தாள். குழந்தை அவள் பயந்தபடி குறுக்கேதான் கிடந்தது. கைகள் விறைத்துப் போனால் அதைத் திருப்ப முடியாது.

அவள் பதிவேட்டைப் பற்றி யோசிக்கவில்லை. எட்டி அலமாரியின் மேல்தட்டில் முதலாவதாக இருந்ததை எடுத்தாள். சிவப்பு ரெக்ஸின் அட்டை. அடுப்புக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள். அட்டை புகைந்து கண்ணைக் கரித்தது, பிறகு உள்ளே தீ பிடித்துக்கொண்டது. கையைச் சூடு காட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் குழந்தையைத் திருப்பி முடிக்கும்வரை அது எரிந்தது. பிறகு இன்னொன்று, அதன்பின் இன்னொன்று. தொக்தோசுன் கொட்டகைக் கதவைத் திறந்து ஒரு கூடை சமூகவியலோடு உள்ளே வந்தபோது நண்பகல். அறையில் இருபத்திரண்டு டிகிரி. மீரிமின் மகள் சுவரே அதிர அழுதுகொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு எத்தனை பேரு உழைச்சிருக்காங்க" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. புகை என்று சொல்லிக்கொண்டார்.

மார்ச்சில் கணவாய் திறப்பதற்குள் அலமாரியில் மிஞ்சியிருந்தவையும் அடுப்புக்குள் போய்விட்டன. ஏப்ரலில் மாவட்டக் கணக்கர்கள் வந்து வெப்பக் குறிப்பேட்டையும் கரிக்கணக்கையும் பார்த்தார்கள். குளிர்காலம் முழுக்க அறை வெப்பம் பதினெட்டுக்குக் கீழே போகவில்லை. எரித்த நிலக்கரி சரியாக ஒரு டன் ஐந்நூற்று இருபது கிலோ. வந்ததே அவ்வளவுதான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. ஆய்வேடு சொன்னதும் அடுப்பு செய்ததும் கிலோ பிசகாமல் பொருந்திவிட்டன. தலைநகரில் பரபரப்பு. நாட்டில் முப்பது வருடத்தில் நடைமுறைக்கு வந்ததாகச் சான்று பெற்ற பதினெட்டாயிரம் ஆய்வுகளில் ஒன்று நடைமுறைக்கு வந்திருந்தது.

மே மாதம் அல்மாஸ்பெக் துருசுனோவிச்சே வந்தார். கூட இரண்டு கார் நிறைய உறுப்பினர்கள், பின்னால் புதுக் கோட்டில் எர்கின்பெக். இப்போது அவன் துறைத் தலைவன். நிலையத்தின் வாசலில் தேநீரும் பொரித்த மாவுருண்டையும் கொடுத்தார்கள். தலைவர் அடுப்பின்மேல் கைபடாமல் காற்றிலேயே தடவிப் பார்த்தார். காலியான அலமாரி அவர் கண்ணில் பட்டது.

"ஆய்வேடுகள் எல்லாம் எங்கம்மா?"

"நடைமுறைக்குப் போயிடுச்சு ஐயா."

"எல்லாமேவா?"

"ஒரு தாள் மிச்சமில்லாம."

தலைவர் உணர்ச்சிவசப்பட்டார். வாசலில் நின்று ஊரைப் பார்த்துப் பேசினார். "நான் எப்பவுமே சொல்லுவேன், சரிபாருங்க, நேர்ல போய்ப் பாருங்கன்னு. இந்த அம்மா போன வருஷம் என்கிட்ட வந்து சந்தேகப்பட்டாங்க. அப்ப நான் விட்டுக் குடுத்திருந்தா, நாலு டன் கரியைக் குடுத்து இந்தச் சாதனையையே எரிச்சிருப்பேன். இதோட நிக்கக் கூடாது. டாக்டர் எர்கின்பெக் அடுத்த ஆய்வைத் தொடங்கறாரு. இந்தத் தடவை சேமிப்பு நூத்துக்கு நூறு. அதனால அக்-கெச்சூவுக்கு வர்ற குளிர்காலத்துலேர்ந்து நிலக்கரியே கிடையாது. வாழ்த்துக்கள்."

உறுப்பினர்கள் தட்டினார்கள். ஊர் தட்டவில்லை. மீரிம் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு உம்சுனாயைப் பார்த்தாள். உம்சுனாய் கொட்டகையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

எல்லோரும் காருக்குப் போன பிறகும் எர்கின்பெக் உள்ளேயே நின்றான்.

"அக்கா, நிஜமாவே வேலை செஞ்சுதா?" அவன் அடுப்பின் பக்கம் திரும்பினான். "யாரும் ஒரு தடவைகூட அதைச் செஞ்சு பாத்ததில்ல. நானும்தான். பத்து வருஷம்."

அவன் அடுப்பின் முன் குனிந்தான். தன் கணக்கு வேலை செய்த இடத்தை அருகில் பார்க்க வேண்டும் என்று ஆசை. சாம்பல் தட்டை இழுத்தான். மூலையில் கருகிய ரெக்ஸின் ஒரு விரல் அகலம், அதில் ஒட்டிக்கொண்டு பாதித் தாள். தாளில் ஒரு சமன்பாடு. அவன் கையெழுத்தில் ஓரத்தில் ஒரு திருத்தம்.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். வெளியே கார் ஹாரன் அடித்தது. ஓடிப்போய்த் தலைவரிடம் காட்டப் போகிறான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் உம்சுனாய். அவன் அந்தத் துண்டை ஊதிச் சாம்பல் தட்டி, கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு நேரம் எரிஞ்சுதுக்கா?"

"நாப்பது நிமிஷம். குழந்தையைத் திருப்பற வரைக்கும் உன்னுதுதான் எரிஞ்சுது."

அவன் ஜன்னல் வழியே மீரிமின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தான். ஹாரன் மறுபடி அடித்தது.

"அடுத்ததை நல்லாத் தடிமனா எழுதறேன்" என்றான்.

"எழுது" என்றாள் உம்சுனாய். "அட்டை மட்டும் போடாத. புகையுது."